ஹட்டன் புகையிரத நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் வந்திறங்கும் யாத்திரிகர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள், தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தைத் தேடித் தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருவோர் ஆகியோர் இந்த நிலையத்தைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் வண்டிகள் வந்து புறப்படும் நேரங்கள் இதில் தரப்படவில்லை.

ஹட்டன் நிலையம் எங்கே அமைந்திருக்கிறது?

கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளும் மலையக இருப்புப்பாதையில், கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 173 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,260 மீற்றர் உயரத்தில் இந்த நிலையம் இருக்கிறது. மாவட்டம் நுவரெலியா. கொழும்புப் பக்கமாக இதற்கு முந்திய நிலையம் ரொசல்ல. பதுளைப் பக்கமாக அடுத்தது கொட்டகலை. பஸ் நிலையமும் கடைத்தெருவும் நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன.

நிலையம் எப்போது, எதற்காகக் கட்டப்பட்டது?

இலங்கையில் முதல் ரயில் 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. பாதை 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் எட்டியது. அதற்கு மேல் மலை செங்குத்தாக எழுவதால் ஹட்டனுக்கு வண்டி வந்து சேர மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. 1884இல் ஹட்டன் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவுக்குச் சென்றது. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும்தான் ரயில் போனது.

ரயில் வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியிடம் ஓயாமல் வற்புறுத்தியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார்கள். மழைக்காலச் சேற்றில் மாட்டுவண்டிகள் கோப்பி மூட்டைகளோடு கொழும்பை அடைய வாரக்கணக்கில் ஆனதும், வண்டிக்கூலி இலாபத்தைத் தின்றதும் அவர்களுடைய முறைப்பாடுகள். ஆனால் ஹட்டனுக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தபோது கோப்பிக் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்துவிட, அதே சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. கோப்பிக்காகக் கேட்ட பாதை தேயிலைக்குப் பயன்பட்ட இந்தத் திருப்பத்தை மறந்துவிட்டால் ஹட்டன் நகரத்தின் வரலாறு விளங்காது. கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய ஆண்டு 1883. ஹட்டனுக்கு ரயில் வந்த ஆண்டு 1884. தோட்டங்களின் பணத்தேவைக்காக இந்நகரில் ஹட்டன் வங்கி தொடங்கப்பட்ட ஆண்டு 1888. ஏலம், ரயில், வங்கி மூன்றும் ஐந்தாண்டு இடைவெளிக்குள் அமைந்தது தற்செயல் அன்று. இன்று நாடெங்கும் கிளை பரப்பியுள்ள ஹட்டன் நஷனல் வங்கியின் பெயரில் இந்த ஊர் இருப்பதற்கும் அதுவே காரணம்.

அக்காலத்தில் இந்த நிலையம் எவற்றை ஏற்றி இறக்கியது?

கீழே போனது தேயிலை. தோட்டத்துத் தொழிற்சாலைகளில் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரும் தரமும் எடையும் அச்சுத்தகட்டால் எழுதப்பட்டு, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பள்ளத்தாக்குகளிலிருந்து முதலில் மாட்டுவண்டிகளிலும் பின்னர் லொறிகளிலும் நிலையத்துக்கு வந்த தேயிலை, இங்கே சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்றது. மேலே வந்தவற்றின் பட்டியல் அதைவிட நீளமானது: தோட்டத் தொழிலாளருக்குப் பங்கீடாகக் கொடுக்கப்பட்ட இறக்குமதி அரிசி, உரம், தொழிற்சாலை இயந்திரங்கள், கூரைத் தகரம், கருவாடு, துணி. தேயிலைத் தோட்டம் உணவு விளைவிக்காத ஊர். ஆகவே அங்கு வாழ்ந்தவர்களின் சோறு பெரும்பாலும் இந்த மேடையைக் கடந்துதான் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போனது.

தேயிலைப் போக்குவரத்து நெடுங்காலத்துக்கு முன்பே லொறிக்கு மாறிவிட்டது. தொழிற்சாலை வாசலில் ஏற்றி ஏலக் களஞ்சியத்தின் வாசலில் இறக்கும் வசதியோடு, இடையில் ஒருமுறை ஏற்றி இறக்கும் கூலியைக் கேட்கும் ரயில் போட்டியிட முடியவில்லை. இன்று இது முழுக்க முழுக்கப் பயணிகள் நிலையம் என்றே சொல்லலாம்.

தோட்டத் தொழிலாளர் இந்த ரயிலில்தான் வந்தார்களா?

எல்லோரும் அப்படி வரவில்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்க ஆண்டுகளிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாக நடந்தே மலைக்கு வந்தார்கள்; கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். இவ்வாறு நடந்து வந்தவர்களின் உழைப்பில் உருவான செல்வத்தைக் கொண்டுதான் இந்த இருப்புப்பாதைக்கான செலவு நியாயப்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இரு கரைகளிலும் அதனோடு இணைந்த ரயில்களும் ஓடத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்துக் கப்பலேறியவர்கள், தலைமன்னார் துறையில் வண்டியில் ஏறி, அனுராதபுரம், மாகோ வழியாகப் பொல்கஹவெல சந்திக்கு வந்து, அங்கிருந்து மலையகப் பாதைக்கு மாறினார்கள். கங்காணி முன்னே நடக்க, மூட்டை முடிச்சுகளோடு ஹட்டன் மேடையில் இறங்கியவர்களுக்கு, தோட்டத்துக்குப் போகும் மீதி வழி மீண்டும் கால்நடைதான்.

1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்கள் இங்கிருந்துதான் புறப்பட்டார்களா?

ஹட்டன் சுற்றுவட்டாரத்தவர்கள் பலர் இங்கிருந்தே புறப்பட்டார்கள். தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற நிலையங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், அவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது; எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையெண்ணிக்கையாக முடிக்கப்பட்ட இந்தக் கணக்கின் விளைவைக் கண்ணால் பார்த்த இடங்கள் மலையக ரயில் மேடைகளே. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று ஆன குடும்பங்கள் உண்டு. போகிறவர்கள் தகரப் பெட்டிகளோடு வண்டிக்குள்ளும், வழியனுப்ப வந்த தோட்டமே மேடையிலுமாக நின்று, வண்டி அசையும்போது எழுந்த அழுகையினால் அந்த வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் சொன்னார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள் ஆவதற்குள், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், பின்னர் சென்றவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். கப்பல் சேவை 1980களில் நின்றது. போரினால் 1990இல் அறுந்துபோன தலைமன்னார் ரயில் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை வண்டி ஏன் அவ்வளவு மெதுவாக வருகிறது?

நாவலப்பிட்டி சுமார் 580 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹட்டனுக்குள்ள முப்பத்து மூன்று கிலோமீற்றர்ப் பாதையில் வண்டி ஏறத்தாழ 680 மீற்றர் ஏற வேண்டும். 44 அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றங்களும், நூறு மீற்றர் ஆரை மட்டுமே கொண்ட கடும் வளைவுகளும் இப்பகுதியில் உள்ளன. இவற்றுக்கு மேலாக, பாதை 1,676 மில்லிமீற்றர் அகலம் கொண்ட அகலப்பாதை. இத்தனை அகலமான பாதையை இத்தனை நெருக்கமாக வளைத்து மலையேற்றியிருப்பது பொறியியலாளர்கள் இன்றும் வந்து பார்க்கும் வேலைப்பாடு.

மற்றொரு காரணம், ரம்புக்கனைக்கு மேல் பாதை பெரும்பாலும் ஒற்றைப் பாதையாக இருப்பது. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட நிலையங்களில் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒரே நேரத்தில் இரு வண்டிகள் ஒரு பகுதிக்குள் நுழையாமல் காக்க, டெப்லட் என்னும் பழைய முறை பயன்படுகிறது. இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கென ஒரு தட்டை ஒரு நிலையம் வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எவராலும் எடுக்க முடியாது. அந்தத் தட்டு தோல் பைக்குள் வைக்கப்பட்டு, பெரிய வளையமொன்றில் கோக்கப்பட்டிருக்கும். வண்டி மேடைக்குள் நுழையும்போது எஞ்சினிலிருந்து ஒரு கை பழைய வளையத்தை நீட்டுவதையும், மேடையில் நிற்பவர் புதியதைக் கொடுப்பதையும், பெற்றுக்கொண்டவர் அதைத் தோளில் மாட்டியபடி நிலைய அதிபரின் அறைக்கு விரைவதையும் கவனித்துப் பாருங்கள். அந்த வளையம் கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்த முடியாது.

சிங்கமலைச் சுரங்கம் எங்கே இருக்கிறது?

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 560 மீற்றர். மலையகப் பாதையின் மிக நீளமான சுரங்கம் இதுவே. ஆங்கில ஆவணங்களில் பூல்பேங்க் சுரங்கம் என்று இருக்கும். இதைத் தாண்டியதும் பாதை தலவாக்கலையை நோக்கிச் சற்றே இறங்கி, பின்னர் நானுஓயாவுக்கு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும்.

எந்தெந்த வண்டிகள் ஹட்டனில் நிற்கின்றன?

கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான கடுகதி வண்டிகளும் இரவு அஞ்சல் வண்டியும் இங்கே நின்று செல்கின்றன. 1956இல் தொடங்கிய உடரட்ட மெனிக்கே கண்டி நகருக்குள் போகாமல் பேராதனையிலிருந்து நேரே மலையேறும். பொடி மெனிக்கே கண்டிக்குள் சென்று திரும்பி வரும். கண்டியிலிருந்து வருபவர் உடரட்ட மெனிக்கேயைப் பிடிக்க வேண்டுமானால் பேராதனைச் சந்தியில் ஏற வேண்டும் என்பது பலர் தவறவிடும் விவரம். டிக்கிரி மெனிக்கே ஹட்டன் பகுதிப் பயணிகளுக்கு உதவும் மற்றொரு சேவை.

ஆசனத்தை எப்படி ஒதுக்கிக்கொள்வது?

பயண நாளுக்கு முப்பது நாட்களுக்கு முன்பாக ஒதுக்கீடு தொடங்கும். ஒதுக்கீடு செய்யும் நிலையக் கவுண்டர்களிலும் புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பெறலாம். தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் தேவை. எல்ல, நானுஓயா செல்லும் வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டத்தால் முதலாம், இரண்டாம் வகுப்பு ஆசனங்கள் திறந்த சில நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடுகின்றன. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவது பொலிஸ் விசாரணை வரை சென்ற விடயம். இடைத்தரகரிடம் வாங்க வேண்டாம்.

ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் பயணம் தவறிவிடாது. ஒதுக்கீடில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு பயண நாளன்று கவுண்டரில் கிடைக்கும். ஆசனத்துக்கு மட்டுமே உத்தரவாதம் இல்லை. தோட்டத்து மக்கள் பெரும்பாலும் செல்வது மூன்றாம் வகுப்பில்தான். கடலைக்காரரும் வடைக்காரரும் அதிகமாக ஏறுவதும் அதில்தான். சாளரம் நன்றாகத் திறக்கும். குளிரூட்டிய பெட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மலையைப் பார்ப்பதைவிட இது மேல் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

கொழும்பிலிருந்து வர ரயில் நல்லதா, பஸ் நல்லதா?

அவசரமென்றால் பஸ். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக வீதி ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். ரயில் ரம்புக்கனை, கடுகண்ணாவை, பேராதனை என்று சுற்றி வருவதால் தூரமும் நேரமும் கூடும். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் ரயிலையே நாடுகிறார்கள். கட்டணமும் ரயிலில் குறைவு. தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு நாட்களில், கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவதால், இரண்டிலும் நிற்க இடமிருக்காது. ஒரு நாள் முன்னதாகப் புறப்படுவது நல்லது.

சிவனொளிபாதமலைக்கு இங்கிருந்து எப்படிச் செல்வது?

நிலையத்திலிருந்து வெளியே வந்து, டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பஸ்ஸில் ஏற வேண்டும். தூரம் சுமார் 33 கிலோமீற்றர். மலைவீதி என்பதால் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அந்த மாதங்களில் விசேட ரயில்களும், வண்டி வரும் நேரத்தைப் பார்த்துப் புறப்படும் பஸ்களும் இருக்கும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் பஸ் மாற நேரலாம்.

2,243 மீற்றர் உயரமுள்ள உச்சியில் சூரிய உதயத்தைப் பார்க்க விரும்புபவர்கள் பகல் வண்டியிலேயே வந்து, மாலைக்குள் நல்லதண்ணியை அடைந்து, சற்று ஓய்வெடுத்து நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்குவதே சரி. இரவு அஞ்சல் வண்டி ஹட்டனுக்கு வரும்போது நள்ளிரவு கடந்திருக்கும். அதன்பின் பஸ் பயணமும் மூன்று நான்கு மணி நேர ஏற்றமும் இருப்பதால் உதயத்துக்கு முன் உச்சியை அடைவது கடினம். கம்பளி ஆடை கட்டாயம் வேண்டும்.

மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பகுதிகளுக்கு ரயில் இல்லையா?

இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1900களின் தொடக்கத்தில் ஒரு சிறுபாதை போடப்பட்டு 1940களில் கைவிடப்பட்டது; ஹட்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஹட்டன் நிலையத்தின் உண்மையான அளவை மேடையின் நீளத்தை வைத்து மதிப்பிட முடியாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. தண்டவாளம் எட்டிப் பாராத இந்த ஊர்களுக்கெல்லாம் இதுதான் ஸ்டேசன். பொகவந்தலாவையின் மேற்பிரிவு ஒன்றிலிருந்து கொழும்பு வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி, முதலில் தோட்டத்து வீதியில் முச்சக்கரவண்டியிலும் பின்னர் பஸ்ஸிலும் வந்து இங்கே வண்டி ஏறுகிறார். ஆகவே ஹட்டனில் ரயில் நேரம் மாறினால், கடைசி பஸ்ஸைத் தவறவிடுவது முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒருவராக இருக்கும். ரயில் நேரத்தையும் பஸ் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்ற கோரிக்கை இங்கே எழுவது அதனால்தான்.

மழைக்காலத்தில் சேவை தடைப்படுமா?

தடைப்படும். ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளை, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும், நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்து மண்ணும் பாறையும் மரமும் பாதையில் விழுவது ஆண்டுதோறும் நடப்பதே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் மலையகப் பாதை பல இடங்களில் சிதைந்து, போக்குவரத்தே நின்றுபோனது. புறப்படுவதற்கு முன் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் மும்மொழிகளிலும் விசாரிக்கலாம்.

மாதச் சீட்டு கிடைக்குமா?

கிடைக்கும். நாவலப்பிட்டிக்கும் தலவாக்கலைக்கும் இடையில் நாள்தோறும் போய்வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் அலுவலர்களும் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள். அரசாங்க ஊழியர், தமக்கு வழங்கப்படும் பயண அனுமதிப் பத்திரமான வாரண்டைக் கவுண்டரில் கொடுத்துச் சீட்டாக மாற்றிக்கொண்டே ஏற வேண்டும்.

மிதிபலகையில் நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. சுரங்கச் சுவரும் வெட்டிய பாறையும் பெட்டியிலிருந்து கையெட்டும் தூரத்திலேயே கடந்து செல்லும்; வளைவில் வண்டி சாயும்போது அந்த இடைவெளி இன்னும் குறையும். வெளியே தொங்கியவர்கள் அடிபட்டும் விழுந்தும் இறந்திருக்கிறார்கள்.

என் முன்னோர்கள் இங்கிருந்து இந்தியாவுக்குச் சென்றவர்கள். அவர்களுடைய தோட்டத்தைக் கண்டுபிடிக்க நிலையத்தில் பதிவேடு ஏதேனும் இருக்குமா?

நிலையத்தில் பயணிகளின் பெயர்ப் பதிவேடு கிடையாது. வீட்டில் பழைய கடவுச்சீட்டோ, தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையோ, பிறப்புச் சான்றிதழோ இருந்தால் முதலில் அவற்றில் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பிறந்த ஆண்டையும் பெற்றோரின் பெயரையும் கொண்டு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்றும் மக்கள் வழக்கில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருப்பதால், பாட்டி சொன்ன பெயர் வரைபடத்தில் இல்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்தப் பெயரை அப்படியே சொல்லி, நடத்துநர்களிலும் முச்சக்கரவண்டிக்காரர்களிலும் வயதானவர்களாகப் பார்த்து விசாரியுங்கள். தோட்டம் தெரிந்துவிட்டால் எந்தப் பிரிவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் வெவ்வேறு பஸ் பாதைகளில் இருக்கலாம். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.